இன்ஜினியர் ஆக நினைத்தவர் அடையாறுக்கு வந்த கதை



காலேஜ் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியா மாண்டிசோரி ஸ்கூல்னு ஒரு போர்டாவது பார்த்திருப்பீங்க. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம்னா ரெண்டு மூணு கூட கண்ணில் படும். ஏதோ ஃபாரின் கம்பெனி பேருன்னு நினைச்சவங்க நம்மில் நிறைய பேர் இருப்பாங்க. ஆனால் அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர். மரியா மாண்டிசோரி. அவர் நம்ம அடையாறில் வாழ்ந்திருக்கிறார், ஓலைக் கொட்டகையில் பாடம் நடத்தியிருக்கிறார், போர்க் காலத்தில் இங்கேயே காவலிலும் இருந்திருக்கிறார். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அவருடைய முறை, இவங்களுக்குப் படிப்பே வராதுன்னு ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் தொடங்கியது.

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவால்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசாங்க அலுவலர். கொஞ்ச வருஷத்தில் குடும்பம் ரோமுக்குக் குடியேறியது. அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே மரியாதையான வேலை டீச்சர் வேலைதான். மரியாவோ கணக்கில் கெட்டி. இன்ஜினியர் ஆகணும்னு சொல்லி, 13 வயதில் பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். ஆமாம், நம்ம கட்சிதான்!

பிறகு மனம் மாறி மருத்துவம் பக்கம் திரும்பினார். அங்கேயும் சிக்கல். பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் நிற்கக்கூடாதாம். எல்லோரும் போன பிறகு தனியாக நின்று அந்தப் பாடத்தை முடித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அப்போது ரோமின் மனநலக் காப்பகங்களுக்குப் போய் வருவார். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அங்கே அடைத்து வைத்திருந்த காலம் அது. ஒரு காப்பகத்தில், சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். கவனித்துக்கொள்ளும் அம்மாவுக்கு அதைப் பார்த்து அருவருப்பு. மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை, கட்டை இல்லை, கையால் எடுத்துப் பார்க்க எந்தப் பொருளுமே இல்லை. குழந்தைகள் பொறுக்கியது பசிக்காக மட்டும் இருக்காது, அந்தக் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அவர் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

இப்படி யோசித்தவர் அவருக்கு முன்னாடியும் உண்டு. பிரான்ஸில் 1800 வாக்கில் இதார் என்ற டாக்டர், காட்டில் கிடைத்த ஒரு சிறுவனுக்குப் பார்ப்பது, கேட்பது, தொடுவது வழியாகவே பாடம் சொல்லித்தர முயன்றார். அவரிடம் கற்ற செகேன், அதை மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான முழு முறையாக வளர்த்தார். முதலில் தசை, அப்புறம் புலன்கள், அதற்குப் பிறகுதான் எழுத்து. இந்த இருவரின் எழுத்துகளையும் மரியா தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார்.

1900-ல் ரோமில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. மரியாவும் டாக்டர் மாண்டெசானோவும் பொறுப்பு. பகலெல்லாம் குழந்தைகளோடு இருப்பார், ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். இந்தப் பிள்ளைகளில் சிலர் மற்ற பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயம்னு கொண்டாடியது. மரியாவுக்கு வந்த சந்தேகம் வேற. இவங்களே இவ்வளவு செய்யும்போது, நல்லா இருக்கிற பிள்ளைகளை நம்ம பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன?

அதே காலத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய வலியும் இருந்தது. மாண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. குழந்தையை ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரார் குழந்தைகளைக் கொண்டாடிய டாக்டரம்மா, சொந்தக் குழந்தையை ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1901-ல் அந்தப் பள்ளியையும் விட்டு விலகினார். மரியோ 15 வயது வாக்கில்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் வெளியே உறவுக்காரப் பையன் என்றுதான் அறிமுகம்.

இப்போ 1907-க்கு வருவோம். ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பு. அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு, பள்ளி வயது வராத பிள்ளைகள் சுவரைக் கிறுக்கித் திரிந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்று கட்டட உரிமையாளர்கள் மரியாவிடம் கேட்டார்கள். ஜனவரி 6 அன்று குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சிறப்புக் குழந்தைகளுக்காகச் செய்த பொருட்களை இந்தப் பிள்ளைகள் முன் வைத்தார் மரியா. ஒரு மூணு வயசுப் பெண், மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிப் பாட்டுப் பாடியும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த உருளைக் கட்டையை ஒரு இன்ஜினியர் கண்ணால் பாருங்க. பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால், கடைசியில் ஓர் உருளை எங்கேயும் பொருந்தாமல் கையில் நிற்கும். தப்பு என்று யாரும் திட்ட வேண்டாம், பொருளே காட்டிக்கொடுத்துவிடும். நாம் மூன்றாம் செமஸ்டரில் படிக்கும் ஃபீட்பேக் லூப்பை, மூணு வயசுக் குழந்தை மரத்தில் தொட்டுக் கற்றுக்கொள்கிறது. டெக்னிக்கல் ஸ்கூல் படிப்பு வீண் போகவில்லை!

ஒருநாள் அந்தக் குழந்தைகளுக்கு மூக்கைச் சத்தமில்லாமல் சிந்தித் துடைப்பது எப்படி என்று செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். குழந்தைகளோ கைதட்டினார்கள். அதுவரை மூக்கு ஒழுகுதுன்னு எல்லோரும் அவர்களைத் திட்டியிருந்தார்களே தவிர, எப்படித் துடைப்பதென்று ஒருத்தரும் சொல்லித்தந்ததில்லை.

1909-ல் அவர் புத்தகம் வெளிவந்து உலகமெல்லாம் பரவியது. முசோலினி அரசு முதலில் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பள்ளியைக் கட்சிக்கு ஆள் சேர்க்கும் இடமாக மாற்றப் பார்த்தபோது மோதல் வந்தது. 1934-ல் இத்தாலியை விட்டுக் கிளம்பினார். ஸ்பெயினில் இருந்தார், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர். பிறகு நெதர்லாந்து.

அப்போதுதான் நம்ம ஊரிலிருந்து அழைப்பு. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியும் அழைத்தார்கள். 1939 நவம்பரில், 69 வயதில், மகன் மரியோவோடு மதராஸில் வந்து இறங்கினார். சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு வகுப்பு. பல மாகாணங்களிலிருந்தும் 300 பேருக்கு மேல் ஆசிரியர்கள் வந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் அம்மாவும் பிள்ளையும் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டார் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு. சொந்தக் குழந்தையை ஒருமுறை பிரிந்திருந்தவருக்கு எழுபதாவது வயதில் மறுபடியும் பிரிவு. ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு, வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். வந்த தந்தியில் மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. நாற்பது வருஷமாக வெளியில் சொல்ல முடியாத உறவு, ஓர் அரசாங்கத் தந்தியில் வெளிச்சத்துக்கு வந்தது!

போர் முடியும் வரை இங்கேதான். நடுவில் கொடைக்கானலில் சில வருஷம். அங்கே செடி, கொடி, பூச்சி, பாறை என்று இயற்கையையே பாடமாக வைத்துப் பெரிய பிள்ளைகளுக்கான திட்டத்தை உருவாக்கினார். பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரையிலான பருவத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதும் இந்திய ஆண்டுகளில்தான். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1947-ல் மறுபடி வந்து 1949 வரை இந்தத் துணைக்கண்டத்தில் வகுப்பெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற சில புத்தகங்கள் முதலில் அச்சானதே அடையாறில்தான். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஆக்குபேஷனல் தெரபின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆக்குபேஷன்னா வேலைதானே, குழந்தைக்கு என்ன வேலைன்னு கேட்பாங்க. சட்டை பட்டன் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, பென்சில் பிடிப்பது, விளையாடுவது, வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவது, இதெல்லாம்தான் குழந்தையோட வேலை. ஆட்டிசம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த வேலைகளில் ஏதாவது ஒன்று இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துப் பழக்குவார் தெரபிஸ்ட். மாண்டிசோரி தெரபிஸ்ட் இல்லை. இது தனித் துறை, நம் நாட்டில் இதற்கான பயிற்சிப் பள்ளி 1950-ல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முயற்சியால் தொடங்கியது. ஆனால் கை வேலை செய்தால் மனசும் வளரும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் தெரபி. மீதி நேரமெல்லாம் வீடும் பள்ளியும்தான். அதனால் தெரபிஸ்ட் சொல்லித்தருவதில் பாதி பெற்றோருக்கும் டீச்சருக்கும்தான். நம்ம வீட்டிலேயே எவ்வளவு இருக்கு பாருங்க. பட்டாணி உரிப்பது, பூ தொடுப்பது, பல்லாங்குழியில் சோழி எடுத்துப் போடுவது எல்லாம் விரல்களுக்குப் பயிற்சி. சப்பாத்தி மாவு பிசைந்தால் மணிக்கட்டுக்கு வலு வரும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்களே, மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் அதே வழிதான். வகுப்பில் கால் தரையில் படும் உயரத்தில் நாற்காலி, தடிமனான பென்சில், கொஞ்சம் சாய்வான எழுதும் பலகை. இவ்வளவு போதும், சில பிள்ளைகளின் கையெழுத்தே மாறிவிடும்.

மனசை உறுத்துகிற ஒரு விஷயம் இருக்கு. ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பிறந்து, ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு முறை, இன்னைக்கு நம்ம ஊரில் பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்குது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைன்னா அட்மிஷனுக்கே பெற்றோர் பல வாசல் ஏறி இறங்குறாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் உரிமையை அது தெளிவாகவே சொல்கிறது. முயற்சிகள் நடக்காமலும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரியின் தாக்கம் உண்டு. கோட்டூர்புரத்தில் 1985 முதல் வித்யாசாகர், தி.நகரில் 1989 முதல் மதுரம் நாராயணன் மையம், இரண்டும் இத்தகைய குழந்தைகளோடு வேலை செய்கின்றன.

நம்மால் என்ன செய்ய முடியும்னு கேட்கிறீங்களா? ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகரோடு சேர்ந்து, பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். அவ்வளவு பெரிதாக வேண்டாம். கெட்டியான கைப்பிடி வைத்த ஸ்பூன், சாய்வுப் பலகை, வழுக்காத தட்டு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். செய்வதற்கு முன்னால் ஒரு தெரபிஸ்டிடமும் ஒரு அம்மாவிடமும் கேளுங்க. குழந்தை அதை எப்படிப் பிடிக்குதுன்னு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. காப்பகத்தில் மற்றவர்கள் முகம் சுளித்தபோது அந்த இளம் டாக்டர் செய்ததும் இதைத்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்!