ஆசானை அறிந்த சாரிபுத்தர்

மகதத்தில் இராசகிருகத்தை அடுத்த சிற்றூரில் அந்தணர் குலத்தில் தோன்றிய உபதிஸ்ஸரே பின்னாளில் சாரிபுத்தர் எனப் போற்றப்பெற்றார். நண்பர் கோலிதருடன் சஞ்சயரிடம் துறவு பூண்டார். அவர் கற்பித்தவற்றை விரைவில் கற்றும் உள்ளம் நிறைவுறவில்லை.

ஒருநாள் காலை, புத்தரின் முதல் மாணாக்கர் ஐவருள் ஒருவராகிய அஸ்ஸஜி நகரில் பிச்சை ஏற்றுச் சென்றார். அவருடைய அடங்கிய நடையும் தாழ்ந்த பார்வையும் உபதிஸ்ஸரை ஈர்த்தன. இடைமறியாது, பிச்சை முடியும்வரை பின்தொடர்ந்து, பின்னரே வினவினார். தாம் இந்நெறிக்குப் புதியவர், விரித்துரைக்க வல்லவரல்லர் என்ற அஸ்ஸஜி, காரணத்தால் தோன்றுவனவற்றையும் அவற்றின் ஒடுக்கத்தையும் புத்தர் உணர்த்தியதைச் சுருங்கச் சொன்னார். அதிலேயே உபதிஸ்ஸர் தெளிந்தார். தம் அளவை மறையாதவரிடத்தில் அவர் ஆசானைக் கண்டார்.

மூவரும் கூடித் தலைமை ஏற்கலாமெனச் சஞ்சயர் தடுத்தும் நில்லாது, நண்பருடன் புத்தரை அடைந்தார். தலைமாணாக்கராய் உயர்ந்த பின்னரும், அஸ்ஸஜி தங்கிய திசை நோக்கித் தொழுது, அத்திசையிலேயே தலைவைத்து உறங்கினார் என்று பௌத்த நூல்கள் கூறும்.