வரிசையை மாற்றிய வாத்தியார்

வந்தவாசிக்குப் போயிருக்கிறீர்களா? கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர் அது. நூல் கட்டிய தறியில் சாயக் கோரையையும் வெள்ளைக் கோரையையும் மாற்றி மாற்றி நுழைத்துப் பாய் நெய்வார்கள். சிவப்புக் கோரை எந்த இடத்தில் வரவேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும். அதே தறியில், அதே கோரையில், வேறொரு பாய் வந்துவிடும்!

கால்பந்து அணியிலும் இதே வேலையைச் செய்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சையது அப்துல் ரஹீம். எல்லோரும் ரஹீம் சாகிப் என்று அழைப்பார்கள்.

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். கால்பந்தும் ஆடுவார். ஆனால் ஆடியதைவிட ஆட்டத்தைப் பற்றி யோசித்ததுதான் அதிகம்.

1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அந்த அணி 1950 முதல் 1954 வரை மும்பையின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது! இந்திய அணியும் அவரிடமே வந்து சேர்ந்தது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது.

அடுத்த ஆண்டே சறுக்கல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம் அணியை 10-1 என்று துவைத்து எடுத்துவிட்டது. நம்மவர்களில் பலர் காலில் பூட்ஸ்கூட இல்லை. பின்லாந்துக் குளிரில் வெறுங்காலோடு ஓடினார்கள், பாவம். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது.

ரஹீம் பூட்ஸை மட்டும் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அன்று நம் நாட்டில் பழைய முறைதான்: பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். பந்து கிடைத்தவர் தானே வெட்டி வெட்டிக் கொண்டுபோவார். கைதட்டல் கிடைக்கும், கோல் கிடைக்காது! 1953-ல் லண்டனில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. ஹங்கேரியின் நடு முன்னாட்டக்காரர் முன்னால் நிற்காமல் பின்னே இறங்கி நின்றார். அவரை யார் பிடிப்பது என்று தெரியாமல் இங்கிலாந்துக்காரர்கள் திண்டாடினார்கள். இந்த வித்தையை ரஹீம் கூர்ந்து கவனித்தார். நம் அணியிலும் முன்வரிசையில் ஒருவரைப் பின்னுக்கு இறக்கினார். பின்களத்தில் ஆள் கூட்டினார்.

ஐதராபாத் பையன்களுக்கு வேடிக்கையான பந்தயங்களும் வைத்தார். ஒன்றில் பந்தை வெட்டிக்கொண்டு ஓடக்கூடாது. உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும். உங்கள் தெருவில் ஒருநாள் இப்படி ஆடிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்! செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் என்ற ஏழைப் பையனின் திறமையைக் கண்டு, சைக்கிள் வாடகைக்குத் தானே காசு கொடுத்துப் பயிற்சிக்கு வரவழைத்தார்.

பலன் 1956-ல் தெரிந்தது. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். கடைசியில் நான்காம் இடம்.

இனி 1962-க்கு வருவோம். ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி! அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ரஹீமுக்கும் உடம்பு சரியில்லை. நுரையீரலில் புற்றுநோய்.

ஜப்பானை 2-0 என்று வென்றாயிற்று. அரையிறுதிக்கு முன் ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்களத்தில் நிறுத்தாமல் முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். கோலைத் தடுப்பவரைக் கோல் போடச் சொல்வதா? யாராக இருந்தாலும் தயங்குவார்கள். ஆனால் ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்வரிசையில் ஆடியவர் என்பது வாத்தியாருக்குத் தெரியும். தெற்கு வியட்நாமுடன் நடந்த அந்த ஆட்டத்தில் 3-2 என்று இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் ஒன்று!

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், உள்ளூர் மக்களுக்கு நம் மேல் கோபம். சுமார் ஒரு லட்சம் பேர் கூடி நம் அணியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் இறக்கினார். ஆறடிக்கு மேல் உயரம்; நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடியவர். உயரப் பந்துகளை எட்டிப் பிடிக்க அப்படி ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிடம் ஜர்னைல் சிங் ஒரு கோல்! ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கொரியா ஒன்று திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. 2-1. தங்கம்!

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். 53 வயது. அவர் வாழ்க்கையை வைத்து 2024-ல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது.

ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வாங்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வாங்கியது. அணித்தலைவர் ஐதராபாத்காரரான நயீமுத்தீன். பயிற்சியாளர்கள் இருவரில் ஒருவர், ஜகார்த்தாவில் அந்த முதல் கோலைப் போட்ட பி.கே.பானர்ஜி.