நான்கு வருடப் பாடம், மூன்று மணி நேரம்!

குழந்தைகளே! முழு ஆண்டுத் தேர்வு வந்தால், ஒரு வருடப் பாடத்தைப் படித்து முடிப்பதற்கே நமக்கு மூச்சு முட்டுகிறது. நான்கு வருடப் பாடத்தையும் ஒரே தேர்வில், மூன்றே மணி நேரத்தில் எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் மற்றவர்களுக்கு அதே மூன்று மணி நேரத்தில் கடைசி வருடப் பாடம் மட்டும்தான் என்றால்?

1915ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஓர் அரசுப் பள்ளி மாணவர் இப்படித்தான் தேர்வு எழுத உட்கார்ந்தார். அவர் பெயர் பால் ரோப்சன். பால் என்றதும் பசும்பால் என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். நம் ஊரில் பவுல் என்று சொல்கிறோமே, அதே பெயர்தான். பிற்காலத்தில் உலகமே கேட்டு மயங்கிய பாடகராகவும், நடிகராகவும் விளங்கியவர். அவருடைய பள்ளிக்கூட நாட்களைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பால் ரோப்சன் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ரோப்சன், வட கரோலினா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். ஆடு மாடு போல மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. பதினைந்து வயதில் அங்கிருந்து தப்பி வடக்கே ஓடி வந்தார். பிறகு விடாமல் படித்து, லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, தேவாலயத்தில் போதகர் ஆனார். அடிமையாகப் பிறந்தவருக்கு லத்தீனும் கிரேக்கமும் தெரியும் என்றால், அவர் படிப்பை எப்படி மதித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரின்ஸ்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் போதகராக இருந்த அவரை அந்தப் பதவியிலிருந்து விலக வைத்தார்கள். அப்போது பால் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். ஊரே வணங்கிய போதகர், ஒரு குதிரையும் வண்டியும் வாங்கி, வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பலை அள்ளிச் சென்று கொட்டும் வேலை செய்தார். அதற்காக அவர் தலை குனிந்ததை யாரும் பார்த்ததில்லையாம். அடுத்து இன்னொரு இடி விழுந்தது. தாயார் மரியா லூயிசா ஆசிரியையாக இருந்தவர். பார்வை மிகவும் மங்கிப்போயிருந்தது. 1904இல் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு ஆடையில் பற்றி, அந்தக் காயத்தால் இறந்துபோனார். பாலுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து பிள்ளைகளில் அவர்தான் கடைக்குட்டி.

பிரின்ஸ்டன் என்றால் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. பல்கலைக்கழகம் கிடக்கட்டும், உயர்நிலைப் பள்ளியிலேயே இடம் கிடையாது! பாலின் அண்ணன் பில், பதினோரு மைல் தள்ளியிருந்த ட்ரெண்டன் நகரத்துக்குப் போய்த்தான் உயர்நிலைப் பள்ளியில் படிக்க முடிந்தது.

1907இல் தந்தை, பாலை அழைத்துக்கொண்டு வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடிபோனார். அங்கே மளிகைக் கடையில் வேலை. கடைக்கு மேலே பரண் போன்ற அறையில் இருவரும் தங்கினார்கள். அந்த ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பால் கடைசி வரை மறக்கவில்லை. அவருக்குப் பத்து வயது இருக்கும். தந்தை ஏதோ ஒரு வேலை சொன்னார். பால் செய்யவில்லை. கூப்பிட்டதும் ஓட்டம் பிடித்தார். அறுபது வயதைத் தாண்டிய தந்தை பின்னாலேயே துரத்தி வந்து, கால் இடறிக் கீழே விழுந்தார். அவருடைய பல் ஒன்று உடைந்து விழுந்துவிட்டது. பால் பதறிப்போய் ஓடி வந்து தூக்கினார். தந்தை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் பாலிடம் ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

1910இல் தந்தைக்கு மறுபடி ஒரு தேவாலயத்தில் போதகர் வேலை கிடைத்தது. ஊர் பெயர் சோமர்வில். அங்கே இருந்த உயர்நிலைப் பள்ளி, வெள்ளையர் கறுப்பர் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் பள்ளியில் கறுப்பின மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊர் மக்கள் கட்டும் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு வருடப் படிப்பு. நம் ஊரில் விளையாட்டு என்றால் பி.டி. பீரியடோடு சரி; அதையும் சில சமயம் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்! அங்கே மணி அடித்து வகுப்பு முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தின் இன்னொரு பாதி தொடங்கும். இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து, குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்த காலத்தில் பேஸ்பாலும் தடகளமும். பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு போட்டி நடக்கும். ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். இதோடு பாட்டுக் குழு, நாடகம், பேச்சுப் போட்டி என்று எல்லாம் உண்டு.

பால் இவை எல்லாவற்றிலும் இருந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து போல் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி ஆட்கள் பாய்ந்து இடித்துக் கீழே தள்ளுவார்கள். நம் சடுகுடுவையும் ஓட்டப் பந்தயத்தையும் கலந்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பந்தோடு மோதி முன்னேறும் இடத்தில் பால் ஆடினார். அவரை மட்டும் குறி வைத்து இடிப்பவர்களும் உண்டு. அவர் சண்டைக்குப் போகாமல் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவார்.

விளையாடிவிட்டு இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தால் தந்தை காத்துக்கொண்டிருப்பார். விளையாட்டு வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. ஆனால் அன்றைய பாடத்தைத் தம்மிடம் ஒப்பித்தாக வேண்டும். லத்தீன் பாடத்தை இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படிப்பார்கள். மதிப்பெண் 95 வாங்கி வந்தால், 100 வாங்க முடியும் என்கிறபோது ஏன் 95 என்று கேட்பார். பக்கத்துப் பையன் எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. மற்றவர்களை ஜெயிப்பது அவருக்கு முக்கியமில்லை. மகனால் முடிந்தது முழுவதும் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். மேடைப் பேச்சுக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஒரு சொல் மழுங்கினாலும் மறுபடி சொல்ல வைப்பார். பிற்காலத்தில் பாலின் உச்சரிப்பைக் கேட்டு லண்டன் நாடக உலகம் வியந்ததற்கு அடித்தளம் இந்த வீட்டில்தான் போடப்பட்டது என்பேன்.

பள்ளி ஆசிரியைகள் சிலர் அவரிடம் மிகுந்த அன்பு காட்டினார்கள். ஆங்கில ஆசிரியை மில்லர் அவருக்குப் பேச்சுக்கலை கற்றுக் கொடுத்து, ஷேக்ஸ்பியரை அறிமுகம் செய்து வைத்தார். பள்ளி நாடகத்தில் பால் முதன்முதலாக ஒதெல்லோ வேடம் போட்டார். மேடையில் நிற்கவே நடுக்கமாக இருந்ததாம். இசை ஆசிரியை வோசெல்லர், அவருடைய குரலைத் தனியாகக் கவனித்துப் பயிற்சி கொடுத்தார்.

ஆனால் தலைமை ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு கறுப்பினப் பையன் படிப்பிலும் விளையாட்டிலும் பாட்டிலும் முன்னால் நிற்பது அவர் கண்ணை உறுத்தியது. பாலைப் பாட்டுக் குழுவில் தனிப் பாடகராக நிறுத்தியதே அவருடைய விருப்பத்துக்கு எதிராகத்தான். பாலுக்குப் பள்ளிக்குத் தாமதமாக வரும் பழக்கம் கொஞ்சம் இருந்தது. அதைச் சாக்காக வைத்து அவர் கடுகடுவென்று விழுவார். ஒரு நாள் தண்டனை வாங்கி வரும்படி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். எப்போதும் தந்தைக்கு எதிரே வாய் திறக்காத பால், அன்று துணிந்து பேசினார். அப்பா அடித்தால் வாங்கிக்கொள்வதாகவும், அந்தத் தலைமை ஆசிரியர் தம்மேல் கை வைத்தால் பொறுக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். தந்தை ஒன்றும் சொல்லாமல் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். நானும் பல வருடங்கள் வகுப்பறையில் நின்றவன். ஒரு பிள்ளை அப்படிச் சொல்லும் நிலைக்கு வந்தால், அதில் பிள்ளையின் குற்றம் குறைவு.

நண்பர்கள் நிறைய இருந்தும், பள்ளி விருந்துகளுக்கும் நடன விழாக்களுக்கும் பால் அதிகம் போகமாட்டார். மனம் நோகும்படி ஏதாவது நடந்துவிடுமோ என்ற கலக்கம் எப்போதும் இருந்தது. நன்றாகப் படிக்கலாம், நன்றாக ஆடலாம்; ஆனால் வெள்ளையருக்குச் சமம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த எழுதாத சட்டத்தைப் பற்றி அவர் 1958இல் வெளிவந்த தம்முடைய வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தத் தேர்வுக்கு வருவோம். கடைசி வருடம். ரட்கர்ஸ் கல்லூரி, மாநிலம் முழுவதும் உள்ள மாணவர்களுக்குப் போட்டித் தேர்வு வைத்து, நான்கு வருடக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்துவந்தது. தந்தையால் கல்லூரிச் செலவைத் தாங்குவது கடினம் என்று பாலுக்குத் தெரியும். ஆனால் ஒரு சிக்கல். முதல் மூன்று வருடப் பாடத்துக்கான தேர்வு போன வருடமே நடந்து முடிந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பாலுக்குத் தெரியாது. மற்ற மாணவர்கள் அதை முடித்துவிட்டு, கடைசி வருடப் பாடத்தை மட்டும் எழுத வந்திருந்தார்கள். பால் நான்கு வருடப் பாடத்தையும் சேர்த்து எழுத வேண்டும். நேரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

விருந்துகளையும் கொண்டாட்டங்களையும் ஒதுக்கிவிட்டு இரவெல்லாம் விழித்துப் படித்தார். முடிவு வந்தது. உதவித்தொகையை வென்றவர் பால் ரோப்சன்! தாம் யாருக்கும் தாழ்ந்தவரில்லை என்று உள்ளுக்குள் உறுதியாகத் தெரிந்துகொண்டது அன்றுதான் என்று பின்னாளில் எழுதினார். அதே வருடம் மாநிலப் பேச்சுப் போட்டியில் ஹெய்ட்டி நாட்டு அடிமைகளின் தலைவர் டூசான் லூவர்ச்சரைப் பற்றிய புகழ் பெற்ற உரையைப் பேசி மூன்றாம் பரிசு வாங்கினார். மூன்றாவதாக வந்ததைப் பற்றித் தந்தை என்ன கேட்டிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

ரட்கர்ஸ் 1766இல் தொடங்கிய கல்லூரி. அதில் சேர்ந்த மூன்றாவது கறுப்பின மாணவர் பால்தான். கால்பந்து அணிக்கான முதல் நாள் பயிற்சியிலேயே, சொந்தக் கல்லூரி மாணவர்களே அவர் மூக்கை உடைத்து, தோள்பட்டையையும் விலக வைத்தார்கள். பத்து நாள் படுக்கை. விட்டுவிடலாமா என்று நினைத்தார். தம் இனத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து அங்கே நிற்கிறோம் என்று தந்தை சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி போனார். ஒருவன் ஆணி வைத்த காலணியால் அவர் கையை மிதித்தான். நகங்கள் பெயர்ந்தன. வலியில் கோபம் தலைக்கேற, எதிரே வந்தவர்களை ஒதுக்கித் தள்ளி, பந்து வைத்திருந்தவரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்! அந்த நொடியே, அவர் அணியில் சேர்ந்துவிட்டதாகப் பயிற்சியாளர் சான்ஃபோர்டு கத்தினார்.

1916இல் வாஷிங்டன் அண்ட் லீ என்ற தென் மாநிலக் கல்லூரியினர், கறுப்பினத்தவர் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றார்கள். சான்ஃபோர்டும் அன்று பாலை உட்கார வைத்தார். அது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. இன்னொரு கல்லூரி அதையே கேட்டபோது அவர் முடியாது என்று மறுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1918 மே மாதம் தந்தை இறந்துபோனார். மூன்றே நாளில் கல்லூரிப் பேச்சுப் போட்டி. அதில் கலந்துகொள்வதாகத் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார் பால். போனார்; பேசினார்; முதல் பரிசு பெற்றார். நாட்டின் தலைசிறந்த கால்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்ட அனைத்து அமெரிக்க அணியில் 1917, 1918 இரண்டு வருடமும் அவர் பெயர் இடம் பெற்றது. 1919இல் வகுப்பின் முதல் மாணவராகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார்.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். தொழில்முறைக் கால்பந்து ஆடிக் கட்டணம் கட்டினார். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, கறுப்பினத்தவர் சொல்வதை எழுதிக்கொள்ள மாட்டேன் என்று அங்கிருந்த சுருக்கெழுத்தர் மறுத்தார். பால் அந்த வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்தார். பள்ளியில் நடுங்கிக்கொண்டே போட்ட ஒதெல்லோ வேடத்தை 1930இல் லண்டனிலும், 1943இல் நியூயார்க்கிலும் போட்டார். நியூயார்க்கில் அந்த நாடகம் 296 முறை நடந்தது. மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர் பாடிய பாட்டு உலகம் சுற்றியது. அதைக் கேட்டுத்தான் அசாமின் பூபேன் ஹசாரிகா கங்கையைப் பற்றிய தம் புகழ் பெற்ற பாட்டை உருவாக்கினார்.

இனவெறிக்கு எதிராகவும் தொழிலாளர்களுக்காகவும் அவர் உரக்கப் பேசினார். சோவியத் நாட்டையும் புகழ்ந்தார். அந்த நாட்டைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் அதற்காக 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டையே முடக்கிவிட்டது. அரங்குகளும் அவருக்குக் கதவை மூடின. 1952இல் கனடா எல்லை வரை போய், ஒரு லாரியின் மேல் நின்று, எல்லைக்கு அப்பால் கூடியவர்களுக்காகப் பாடினார். 1957இல் லண்டன் மக்களுக்குத் தொலைபேசி வழியாகப் பாடினார்! 1958இல்தான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அவருடைய அறுபதாவது பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாட நம் பிரதமர் நேரு ஆதரவு தந்ததும் அந்த வருடம்தான். 1976 ஜனவரி 23ஆம் நாள் பிலடெல்பியாவில் பால் ரோப்சன் காலமானார்.

அந்தக் கெட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1918ஆம் ஆண்டின் அனைத்து அமெரிக்க அணியைப் புத்தகத்தில் அச்சிட்டபோது, பதினோரு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பெயர்கள் மட்டுமே இருந்தன. பாலின் பெயரை நீக்கிவிட்டிருந்தார்கள். கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 1995இல். அவர் அந்த ஆட்டத்தை ஆடி 77 வருடங்கள் ஆகியிருந்தன.