சிறைக்குள் தலை எண்ணிய ஜான் ஹோவார்டு

நமது இதழில் பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகள் அவ்வப்போது வருகின்றன. ஆசார்யர்கள், சங்கீத வித்வான்கள், தேசபக்தர்கள் என்று பலரைப் பற்றிப் படித்திருக்கிறோம். இம்முறை நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாதவர் போலத் தோன்றும் ஓர் ஆங்கிலேயரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் ஹோவார்டு. காலம் 1726 முதல் 1790 வரை. சிறைச் சீர்திருத்தம் என்றாலே உலகமெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. அவரைப் பற்றி நான் ஏன் எழுத வந்தேன் என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன். அதில் என் குறை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

ஹோவார்டின் தகப்பனார் லண்டனில் மெத்தை, திரைச்சீலை வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தவர். பிள்ளை சிறுவனாக இருந்தபோதே தாயார் காலமானார். 1742ல் தகப்பனாரும் போய்விட, மீசை முளைக்கும் வயதிலேயே பெரும் சொத்து கைக்கு வந்தது. ஆனால் தேக சௌக்கியம் போதவில்லை. ஒரு சமயம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தம்மைக் கவனித்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாளை, தம்மைவிட இரு மடங்கு வயதானவர் என்பதையும் பாராமல், நன்றிக்கடனாக மணந்துகொண்டார். சில வருஷங்களில் அந்த அம்மாளும் காலமானார்.

1755 நவம்பரில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் அழிந்தது. அதை நேரில் பார்க்கக் கப்பல் ஏறினார் ஹோவார்டு. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, பிரெஸ்ட் துறைமுகத்தில் எல்லோரையும் ஒரு நிலவறையில் தள்ளினார்கள். அன்ன ஆகாரம் சரியாக இல்லை; படுக்க வைக்கோல்தான். கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி ஊர் திரும்பியதும் முதல் காரியமாக, இன்னும் அங்கே கிடப்பவர்களுக்காக அதிகாரிகளிடம் போய் முறையிட்டார். சிறை என்றால் என்ன என்பதை அவர் உள்ளே இருந்து தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பிறகு பெட்ஃபோர்டு கவுண்டியில் கார்டிங்டன் என்ற கிராமத்தில் தமது நிலபுலன்களோடு குடியேறினார். கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி. குடியானவர்களுக்கு நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தார். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தெர்மாமீட்டர் அவருக்கு மிகவும் பிரியமான கருவி. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றின் உஷ்ணத்தையும், வெசூவியஸ் எரிமலைத் தரையின் உஷ்ணத்தையும் அளந்து எழுதினார். 1756ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது. எதையும் தாமே போய் அளந்து பார்க்காமல் நம்பாத சுபாவம். பின்னால் சிறைகளுக்குப் போனபோதும் அந்தச் சுபாவம்தான் கூடப் போயிற்று.

1773ல், நாற்பத்தாறு வயதில், அவர் பெட்ஃபோர்டு கவுண்டியின் ஷெரீப் ஆனார். கவுண்டிச் சிறை ஷெரீப்பின் பொறுப்பு. மற்ற ஷெரீப்புகள் அந்த வேலையைக் கீழே உள்ளவர்களிடம் விட்டுவிட்டு விருந்துகளில் கலந்துகொள்வது வழக்கம். ஹோவார்டு நேரே சிறைக்குள் போனார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜான் பன்யன் என்ற பிரசித்தி பெற்ற எழுத்தாளர் பன்னிரண்டு வருஷம் அடைபட்டிருந்ததும் பெட்ஃபோர்டு கவுண்டிச் சிறையில்தான்.

அங்கே ஹோவார்டு கண்டது இதுதான். கோர்ட்டில் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானவர்கள், வழக்குத் தொடுத்தவன் வராததால் வழக்கே தள்ளுபடியானவர்கள், இவர்களெல்லாம் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடியும் சிறைக்குள்ளேயே இருந்தார்கள். காரணம், ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் கொடுக்கும் கட்டணம்தான் அவருக்கு வருமானம். ஜெயிலருக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸ், சாவிக்காரருக்கு 2 ஷில்லிங் கட்டினால்தான் கதவு திறக்கும். ஒரு பண்ணைக் கூலியாளுக்கு அது இரண்டு வாரக் கூலிக்கும் மேல். உள்ளே இருப்பவன் எங்கே போய்ச் சம்பாதிப்பான்? நிரபராதி என்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் கிடந்தான்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, வடக்கே ஒரு மாநிலத்தில் புள்ளிவிவர உத்தியோகத்தில் சேர்ந்தேன். ஜில்லாச் சிறைகளிலிருந்து மாதாமாதம் வரும் கணக்கைக் கூட்டி மேலே அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. 1978 என்று ஞாபகம். கணக்கைச் சரிபார்க்க ஒரு சிறைக்கு நேரில் போக நேர்ந்தது. அங்கே ஒருவர் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பதினாலு மாதமாக உள்ளே இருந்தார். ஐந்நூறு ரூபாய்க்கு ஜாமீன் நிற்க அவருக்கு ஆள் இல்லை. வந்து ஒரு குறிப்பு எழுதினேன். இப்படிப்பட்டவர்களைக் காட்டப் படிவத்தில் பத்தி இல்லை என்று மேலதிகாரி சொன்னார். நான் அதோடு விட்டுவிட்டேன். அவரை விசாரணைக் கைதிகள் என்ற பத்தியில் ஒன்றாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அவர் எப்போது வெளியே வந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நூலகத்தில் ஹோவார்டின் சரித்திரத்தைப் படித்தபோது, பெட்ஃபோர்டு சிறைப் பக்கத்தில் அந்த முகம்தான் தெரிந்தது.

ஹோவார்டுக்கும் முதலில் இதே பதில்தான் கிடைத்தது. ஜெயிலருக்குக் கவுண்டியே சம்பளம் கொடுத்துவிட்டால் கட்டணம் வேண்டாமே என்று நீதிபதிகளிடம் கேட்டார். வேறு எங்காவது அப்படி நடக்கிறதா, முன்னுதாரணம் உண்டா என்று கேட்டார்கள். சர்க்கார் ஆபீஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மற்றவர்கள் இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹோவார்டு குதிரை ஏறி, முன்னுதாரணம் தேடிப் பக்கத்துக் கவுண்டிகளுக்குப் போனார். முன்னுதாரணம் கிடைக்கவில்லை, அதே அநியாயம்தான் எங்கும் கிடைத்தது. ஒவ்வொரு கவுண்டியாகப் போய், தேசம் முழுவதையும் பார்த்துவிட்டார்.

பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். அறையின் நீளம், அகலம், உயரம், ரொட்டியின் எடை, தண்ணீர் உண்டா, வைக்கோல் எப்போது மாற்றினார்கள் என்பது வரை. ஜன்னலுக்கு வரி உண்டு, அந்த வரியை ஜெயிலர் கட்ட வேண்டும் என்பதால் பல சிறைகளில் ஜன்னல்களையே அடைத்திருந்தார்கள். காற்றில்லாத அறைகளில் சிறைக் காய்ச்சல் என்ற டைஃபஸ் பரவியது. தூக்கிலிடப்பட்டவர்களைவிட இந்தக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம் என்பது அவர் முடிவு. உள்ளே போய் வந்தால் அவருடைய உடுப்பு நாறும். மூடிய வண்டியில் உட்கார முடியாது என்று குதிரையிலேயே போவார். குறிப்புப் புஸ்தகத்தைக்கூட நெருப்பில் காட்டித்தான் பிரிப்பாராம்.

1774 மார்ச்சில் பார்லிமெண்டின் காமன்ஸ் சபை அவரை அழைத்து விசாரித்து நன்றி தெரிவித்தது. அந்த வருஷமே இரண்டு சட்டங்கள் வந்தன. விடுதலையானவர்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது, அதைக் கவுண்டி தரவேண்டும் என்பது ஒன்று. வருஷத்துக்கு ஒரு தரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், காற்றோட்டமும் நோயாளிகளுக்குத் தனி அறையும் வேண்டும் என்பது மற்றொன்று. சட்டம் வந்தால் போதுமா? ஹோவார்டு தம் செலவில் அச்சடித்து ஒவ்வொரு ஜெயிலருக்கும் பிரதி அனுப்பினார். பிறகு மறுபடியும் கிளம்பி, செய்தார்களா என்று பார்க்கப் போனார்.

1777ல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலைமை பற்றிய அவரது புஸ்தகம் வெளிவந்தது. அதில் உள்ள ஒரு கணக்கை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். மொத்தக் கைதிகள் 4,084. அவர்களில் கடன்காரர்கள் 2,437. பெருங்குற்றவாளிகள் 994. சில்லறைக் குற்றங்கள் 653. நூற்றில் அறுபது பேர், கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாதவர்கள்! சிறை நிறைந்திருப்பது குற்றம் பெருகியதால் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தலையை எண்ணினால் மட்டும் போதாது, எதற்காக உள்ளே இருக்கிறான் என்று பிரித்து எண்ண வேண்டும் என்று காட்டியவர் ஹோவார்டு.

இதைத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளக்கலாம். தொட்டியில் உள்ள நீர், வரும் குழாயை மட்டும் பொறுத்ததல்ல; போகும் குழாயையும் பொறுத்தது. தினம் பத்துப் பேர் வந்து சராசரி முப்பது நாள் தங்கினால் உள்ளே 300 பேர். அதே பத்துப் பேர் இருபது நாளில் வெளியேறினால் 200 பேர்தான். ஹோவார்டு காலத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்க யுத்தத்தால் கைதிகளை அந்தக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்துவது நின்றது. போகும் குழாய் அடைபட்டது. கரையோரம் நின்ற பழைய கப்பல்களில் ஒரு பகுதியினரை அடைத்தும்கூட, 1780களின் இறுதியில் அவர் மறுபடி எண்ணியபோது சுமார் 7,500 பேர் இருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஆனால் கூட்டம் குறையவில்லை.

அவருடைய பழக்க வழக்கங்களைக் கேட்டால் நம் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் ஸ்நானம். மாம்சம் இல்லை, மது இல்லை. ரொட்டி, பால், உருளைக்கிழங்கு, பழம், தேநீர், இவ்வளவுதான். இந்த ஆகாரத்தோடு ஐரோப்பா முழுவதும் சுற்றி ஏறக்குறைய 42,000 மைல் பிரயாணம் செய்தார். சொந்தப் பணம் 30,000 பவுண்டு செலவழித்தார். ஹாலந்து தேசத்தில் கடன்காரக் கைதிகள் மிகக் குறைவு என்பதைக் கண்டு வந்து தம் நாட்டாருக்குச் சொன்னார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1758ல் மணந்த இரண்டாம் மனைவி ஹென்ரியட்டா, 1765ல் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுக் காலமானார். ஊரார் பிள்ளைகளுக்காக அலைந்த ஹோவார்டு, தம் பிள்ளையோடு அதிக நாள் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை புத்தி பேதலித்து, விடுதியில் அடைபட்டு இறந்தான். கைதிகள் இரவில் தனித்தனி அறைகளில் இருப்பது நல்லது என்று ஹோவார்டு சொன்ன யோசனையை, அவருக்குப் பின் வந்தவர்கள் மனிதனைப் பித்தாக்கும் தனிமைச் சிறையாக்கிவிட்டார்கள்.

கடைசியில் தொற்று நோய்களை ஆராய ருஷ்ய சாம்ராஜ்யத்துக்குப் போனார். இன்றைய உக்ரைனில் உள்ள கெர்சோன் நகரில் ஒரு நோயாளிப் பெண்ணுக்குச் சிகிச்சை செய்து, 1790 ஜனவரி 20 அன்று காய்ச்சலில் காலமானார். தமக்கு நினைவுச் சின்னம் வேண்டாம், சமாதியின் மேல் ஒரு சூரிய கடிகாரம் போதும் என்பது அவர் விருப்பம். ஜனங்கள் கேட்கவில்லை. லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்துக்குள் முதன்முதலில் வைக்கப்பட்ட நினைவுச் சிலை அவருடையதுதான். சிறைக் கட்டணம் அங்கே முழுவதும் ஒழிய 1815 ஆயிற்று. கடனுக்குச் சிறை பெரும்பாலும் ஒழிய 1869 ஆயிற்று.

அமெரிக்காவின் கவுண்டிச் சிறைகளில் இன்றும் பெரும்பாலோர் தீர்ப்பாகாதவர்களே. 2008ல் உள்ளூர்ச் சிறைகளில் சுமார் 7.85 லட்சம் பேர் இருந்தார்கள். கொரோனா காலத்தில், 2020 நடுவில், அது 5.49 லட்சமாகக் குறைந்து, 2023ல் மறுபடி 6.64 லட்சமாயிற்று. 2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் பண ஜாமீனையே எடுத்துவிட்டது.

நம் நாட்டில் 2022 இறுதியில் சிறையில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம்; நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இவர்களில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நல்லதும் நடந்திருக்கிறது. 1978ல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாருக்காக அவருடைய சகோதரர் வேறு ஜில்லாவிலிருந்து ஜாமீன் நின்றதைக் கீழ்க்கோர்ட் மறுத்தபோது, அது தவறு என்று தீர்த்தார் நம் பாலக்காட்டு ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர். 1979ல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு, பீகார் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்தவர்களை வெளிக்கொணர்ந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, முதல் தடவை வழக்கில் சிக்கியவர், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீன் பெற வழி உண்டு. வேறு வழக்குகள் இருந்தால் இது பொருந்தாது. 2023ல் வந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்காக அரசே பணம் கட்டலாம். பெட்ஃபோர்டில் ஹோவார்டு கேட்டதும் இதைத்தானே!

ஆனால் சட்டம் தானாக நடந்து சிறைக்குள் போகாது. யாராவது போய், இவருக்கு உத்தரவு வந்ததா, வந்தும் ஏன் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 2009 முதல் சட்டம் படிக்காதவர்களையும் தன்னார்வலர்களாகப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற வக்கீல்கள், பாங்க் அதிகாரிகள், கணக்குத் தணிக்கையாளர்கள் எத்தனையோ பேர். பாராயணம், பேரன் பேத்தி, நடைப்பயிற்சி போக வாரத்தில் ஒரு மத்தியானம் மிஞ்சாதா? சென்ற வருஷம் நான் எங்கள் ஊர் ஆணையத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். மாதம் இரண்டு தடவை போகிறேன். முதலில் பார்ப்பது அந்தப் பழைய படிவத்தில் இல்லாத பத்தியைத்தான். அதை இப்போது என் நோட்டில் நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.