ஓமக்குளத்தில் எழுந்த பள்ளி: சுவாமி சகஜானந்தரை எவ்வாறு நினைவுகூர்வது?

சிதம்பரத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1920ஆம் ஆண்டில் தொடங்குகின்றனர். அவ்வாண்டு அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சிக் கல்லூரியை நிறுவினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1945இல் பொறியியல் கல்வி அங்கே தொடங்கியது. 2013இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றது. இந்த வரிசையில் ஓர் ஆண்டு விடுபட்டுப் போகிறது. அது 1916. மீனாட்சிக் கல்லூரிக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, அதே நகரின் ஓமக்குளம் பகுதியில் சேரிப்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி எழுந்துவிட்டது. அதனை எழுப்பியவர் சுவாமி சகஜானந்தர்.

ஒரு கல்வி நிறுவனத்தைக் கட்டுவதற்குச் செல்வம் வேண்டும், அரசின் ஆதரவு வேண்டும், நகரத்தின் நல்லெண்ணம் வேண்டும். இவற்றில் எதுவும் கையில் இல்லாமல் சிதம்பரத்திற்கு வந்த ஓர் இளந்துறவி, அடுத்த அரை நூற்றாண்டில் ஒரு வட்டாரத்தின் தலித் மக்கள் கல்வியையே தாங்கி நிற்கும் நிறுவனத்தை உருவாக்கினார். அவரை நாம் இன்று சிலையாகவும் பிறந்தநாள் விழாவாகவும் மட்டுமே அறிந்திருக்கிறோம். அவர் கட்டியது என்ன, ஏன் கட்டினார், அது இன்று எந்நிலையில் நிற்கிறது என்ற வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுக்கப்பட்ட படிப்பு

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890 ஜனவரி 27 அன்று சகஜானந்தர் பிறந்தார். பெற்றோர் அண்ணாமலை, அலமேலு. அவர்கள் இட்ட பெயர் முனுசாமி. வட ஆற்காட்டுச் சேரியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அக்காலத்தில் கல்வி கிடைக்கும் வழிகள் மிகக் குறைவு. ஊர்ப்பள்ளிக்கூடம் பெரும்பாலும் அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஆதிக்கச் சாதியார் தெருவிலோ இருக்கும். சட்டம் தடுக்காவிட்டாலும் தெரு தடுத்தது. எஞ்சியவை மிஷன் பள்ளிகளே. முனுசாமியும் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் முன்னணியில் நின்ற அவர் மதம் மாற இசையவில்லை. அதனால் பள்ளிப்படிப்பு இடையில் முறிந்தது.

இந்நிகழ்வை மதப்பற்றின் கதையாகச் சுருக்கிவிட முடியாது. மிஷன் பள்ளிகள் தலித் மக்களுக்குத் திறந்துவிட்ட கதவு எத்தனை பெரியது என்பதை நாம் மறுக்க இயலாது. ஆயினும் கல்வியைப் பெற வேறொன்றை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்த நிலையை அந்த மாணவர் தம் உடம்பில் உணர்ந்தார். நிபந்தனையற்ற கல்வியைத் தம் மக்களே நடத்த வேண்டும் என்ற பிற்கால முடிவுக்கு இந்த அனுபவமே வேராக இருந்தது என்று நாம் கருதுகிறோம்.

படிப்பை விட்ட முனுசாமி கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பண்ணையடிமை வாழ்வைத் துறந்து சென்ற பல்லாயிரவருக்கு அச்சுரங்கங்கள் ஆபத்து நிறைந்த பிழைப்பிடமாகவும், அதே வேளையில் கூலியைக் கையில் காசாகத் தந்த இடமாகவும் இருந்தன. அங்கிருந்து ஆன்மிக நாட்டம் அவரைச் சென்னை வியாசர்பாடிக்கு அழைத்துச் சென்றது. கையையே பாத்திரமாக ஏந்தி உண்ணும் துறவுநெறியால் பெயர்பெற்ற கரபாத்திர சுவாமிகள் அவரைச் சீடராக ஏற்றார். தமிழ்ச் சமய நூல்களையும் வேதாந்தத்தையும் அங்கே கற்றார். முனுசாமி சகஜானந்தர் ஆனார். 1910இல், இருபது வயதில், அவர் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

நந்தனாரின் பெயரை ஏன் தேர்ந்தார்?

சிதம்பரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர். கொள்ளிடமும் வீராணம் ஏரியும் நீரூட்டிய நெல்வயல்கள் சுற்றிலும் விரிந்திருந்தன. அவ்வயல்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித் பண்ணையாட்கள். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பது மாடு மேய்க்கும் கையொன்றைப் பண்ணையிலிருந்து விடுவிப்பது. ஆகவே அங்கே பள்ளி தொடங்குவது நில உறவின்மீது கைவைப்பதாகும்.

இத்தகைய நகரில் அவர் தம் மடத்திற்கும் கல்விக் கழகத்திற்கும் நந்தனாரின் பெயரைச் சூட்டினார். நந்தனார் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவர் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்தவர். நாளை நாளை என்று தில்லைப் பயணத்தைத் தள்ளிப்போட்டதால் திருநாளைப்போவார் ஆனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான் அவரை வேதியர் ஒருவரின் பண்ணையாளாக்கியது. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் தில்லைக்கு விடை என்ற நிபந்தனையும் அதில் வருகிறது. இரு வடிவங்களிலும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் செல்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் இக்கதையை ஏற்கவில்லை. நந்தன் என்பவன் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னன் என்பது அவரது வாசிப்பு.

சகஜானந்தர் அயோத்திதாசரின் வழியில் செல்லவில்லை. புராண நந்தனாரையே ஏற்றார். ஆனால் எந்த இடத்தில் ஏற்றார் என்பதுதான் கவனத்திற்குரியது. நந்தனார் தீக்குளித்த இடம் என்று மக்கள் நம்பிய ஓமக்குளத்தில் அவர் நிலம் தேடினார். ஒரு தலித் பக்தரின் உடல் எரிந்து மறைந்ததாகச் சொல்லப்படும் மண்ணில், தலித் பிள்ளைகள் தங்கி, உண்டு, படித்து, வளரும் இல்லத்தை எழுப்பினார். சிதம்பரம் நகரம் போற்றும் ஓர் அடியாரின் பெயரைத் தாங்கிய பள்ளியை அந்நகரம் எளிதில் விரட்டிவிட முடியாது. இத்தேர்வில் பக்தியோடு அரசியல் கணிப்பும் இருந்தது.

பள்ளியும் விடுதியும்

1916இல் நந்தனார் கல்விக் கழகம் தோன்றியது. 25 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பள்ளியைத் தொடங்குவதைவிடப் பிள்ளைகளை அதில் நிறுத்தி வைப்பதே கடினம் என்பதைச் சகஜானந்தர் விரைவிலேயே கண்டிருக்க வேண்டும். காலையில் கஞ்சியில்லாத வீட்டிலிருந்து பல கல் தொலைவு நடந்துவரும் சிறுவனால் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது. ஆண்டையின் ஆள் வந்து அழைத்தால் அவன் வயலுக்குத்தான் திரும்ப வேண்டும். எனவே விடுதி அந்நிறுவனத்தின் உயிர்நாடியானது. ஆண் பிள்ளைகளுக்குப் போலவே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி அமைந்தது. சுற்றுவட்டச் சிற்றூர்களின் சேரிகளிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவர்கள் அங்கே ஒரே கூரையின்கீழ் வாழக் கற்றனர்.

தனிப்பள்ளி தீண்டாமையை நிலைநிறுத்தாதா என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. பொதுப்பள்ளியின் வாயில் நடைமுறையில் மூடிக்கிடந்த காலத்தில், தனிப்பள்ளியே பொதுக்கல்விக்குள் நுழையும் படிக்கட்டாக இருந்தது. 1894 முதல் சென்னையில் ஆல்காட்டின் முயற்சியால் எழுந்த பஞ்சமர் பள்ளிகளுக்கும் இதே பின்னணி உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓமக்குளத்துப் பள்ளியின் தலைமை தொடக்கத்திலிருந்தே ஒரு தலித்தின் கையில் இருந்தது.

சட்டமன்றத்தில்

ஒரு மடத்தின் வருவாயைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் கல்வியை நடத்த முடியாது. அரசின் பணமும் ஆணையும் தேவை. 1920இல் ஆதிதிராவிடர் நலப்பணிகளுக்கெனச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இயங்கத் தொடங்கியிருந்தது. எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சட்டசபைக்குள் நின்று வாதாடினர். பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் அனைவருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்தார். இந்த வரிசையில் 1926இல் சகஜானந்தரும் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். இடைவெளிகள் இருந்தபோதிலும், அவருடைய சட்டமன்றப் பணி நாடு விடுதலை பெற்ற பின்னரும் தொடர்ந்தது.

காவியுடையோடு அவைக்குச் சென்ற அவரது அக்கறைகள் மிகவும் உலகியல் சார்ந்தவை. பள்ளி, விடுதி, உதவித்தொகை, குடியிருப்பு மனை, நிலம், கோயில் நுழைவு ஆகியவையே அவர் பேசிய பொருள்கள். துறவு அவரைக் குடும்பத்திலிருந்து விலக்கியதேயன்றி மக்களின் அன்றாடத்திலிருந்து விலக்கவில்லை.

1927இல் காந்தி சிதம்பரம் வந்தபோது நந்தனார் கல்விக் கழக வளாகத்தில் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். நடராசர் கோயிலின் கதவு அப்போது தலித் மக்களுக்குத் திறக்கவில்லை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைவு நிகழ்ந்து, அதையொட்டி ஒரு சட்டமும் வந்தது. 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டமே மாகாணம் முழுவதும் இந்த உரிமையை உறுதிசெய்தது. நந்தனாரின் பெயரால் இயங்கிய ஒருவர், அவர் நுழைந்ததாகச் சொல்லப்படும் கோயிலுக்குள் தம் மக்கள் சட்டப்படி நுழைவதைக் காண 37 ஆண்டுகள் சிதம்பரத்திலேயே காத்திருக்க வேண்டியிருந்தது.

விமர்சனங்களை எதிர்கொள்ளல்

சகஜானந்தரை விமர்சனமின்றி ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர் இந்து சமயத்திற்குள்ளேயே நின்றார். மதமாற்றத்தை ஏற்கவில்லை. பிற்காலத்தில் காங்கிரசோடு இணைந்து பணியாற்றினார். அம்பேத்கர் 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த திசைக்கும் சகஜானந்தர் நடந்த திசைக்கும் இடையிலான தொலைவு பெரிது. சைவ அடியார் மரபை ஏற்பது, தீயில் மூழ்கித் தூய்மை பெற வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்து ஏற்பதாகிவிடாதா என்ற வினா நேர்மையானது.

அவ்வினாவை அவருடைய செயலோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தம் மாணவர்களைத் தீயின் வழியாக அனுப்பவில்லை. எழுத்தின் வழியாக அனுப்பினார். பௌத்தம், கிறித்தவம், சைவம், வைணவம், பகுத்தறிவு எனத் தமிழக தலித் முன்னோர்கள் வெவ்வேறு வழிகளில் நடந்தனர். அவர்களை ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்துவது நமக்கு எளிது. ஆனால் பள்ளியும் நிலமும் தன்மதிப்பும் வேண்டும் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர். கருத்தியல் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்கினால், அவர் கட்டிய நிறுவனத்தையும் சேர்த்து இழக்கிறோம். அவரை வெறும் இந்துத் துறவியாக்கித் தமதாக்கிக்கொள்ள முயல்வோருக்கு அது வசதியாகவும் போய்விடுகிறது.

இதே வட்டாரத்தின் அடுத்த தலைமுறைத் தலைவர் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள். தீண்டாமை குறித்து இந்தியா முழுவதும் ஆய்ந்து 1969இல் அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், சகஜானந்தரைவிடக் கூர்மையான மொழியில் பேசினார். அப்படிப் பேசுவதற்கான நிலத்தைப் பண்படுத்திய முன்னோடிகளுள் சகஜானந்தரும் ஒருவர்.

இன்று எஞ்சியிருப்பது

1959 மே 1 அன்று சகஜானந்தர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளிகள் இன்று நந்தனார் பெயரிலேயே அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளாக இயங்குகின்றன. சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 27 அன்று மாலைகள் குவிகின்றன.

மாலைகளுக்கு அப்பால் நாம் கேட்க வேண்டியவை உள்ளன. 2023-24ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலத்துறை உள்ளிட்ட பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப் போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தலித் அமைப்புகள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆசிரியர் பற்றாக்குறையும் பழுதடைந்த கட்டடங்களும் சீர்செய்யப்பட வேண்டியவை என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அப்பள்ளிகள் எந்தப் போராட்டத்தில் பிறந்தன என்பதையும், அவற்றின் நிலமும் விடுதியும் யாருக்காகத் திரட்டப்பட்டன என்பதையும் அறியாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் வரலாற்றை அழிப்பதில்தான் முடியும்.

விடுதிகளையும் பாருங்கள். 2023இல் பள்ளி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 1000 ரூபாயிலிருந்து 1400 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 47 ரூபாய். அதில் மூன்று வேளை உணவு. கையை ஏந்தி உண்ட ஆசிரியரிடம் பயின்ற ஒரு துறவி, பிள்ளைகள் கையேந்தாமல் உண்டு படிக்க வேண்டும் என்று எழுப்பிய விடுதியின் மரபை அரசு இவ்வளவில்தான் மதிப்பிடுகிறது.

கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து இன்று பொறியியலும் மருத்துவமும் சட்டமும் படிக்க வரும் தலித் மாணவர்கள், சிதம்பரத்தில் நுழைந்தவுடன் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகத்தைக் காண்கின்றனர். அவர்கள் ஒருமுறை ஓமக்குளத்திற்கும் செல்ல வேண்டும். நந்தனார் பள்ளியின் வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் விடுதிச் சமையற்கூடத்தையும் நேரில் கண்டு, எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும். கிடைக்கும் விடையை ஜனவரி 27 அன்று மேடையேறுவோர் முன் வைக்க வேண்டும். அவரை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான வழி ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.