தொழிலுக்கு உதவாதவன் என்று அனுப்பப்பட்ட பையன்

கடந்த மாதம் முல்லைத்தீவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக நலம் விசாரித்த பிறகுதான் விடயத்துக்கு வருவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். உயர்தரம் எழுதிவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தவன், கிழக்குக் கரையில் உள்ள ஒரு சுற்றுலா ஹோட்டலுக்கு விண்ணப்பித்திருக்கிறான். பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். 2009 இல் தகப்பனை இழந்த பிள்ளை. அவனை எச்சில் கோப்பை எடுக்கவா இவ்வளவு பாடுபட்டு வளர்த்தேன் என்று அழுதாள். இன்னொன்றும் சொன்னாள். போர் முடிந்து சில ஆண்டுகளில் நந்திக்கடலோரத்தில் இராணுவமே சுற்றுலா விடுதி திறந்ததைப் பார்த்தவள் அவள். எங்கள் கடலைப் பார்க்க யாரோ வருவார்கள், அவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் தட்டுத் தூக்க வேண்டுமா என்பது அவளுடைய கேள்வி.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், கோப்பை கழுவித்தான் நான் அந்தக் குடும்பத்துக்குக் காசு அனுப்பினேன்.

1990 இல் அகதியாகச் சுவிற்சர்லாந்துக்கு வந்தேன். அக்காலத்தில் இங்கு வந்த எங்களில் மிகப் பலருக்கு உணவகக் குசினிகளிலேயே முதல் வேலை கிடைத்தது. எனக்கு வாலிஸ் மாநிலத்து மலை ஹோட்டல் ஒன்றில் சட்டி பானை கழுவும் வேலை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஹோட்டலில் வேலை என்று எழுதினேன். என்ன வேலை என்று எழுதவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை நான் அங்கே முகாமையாளருக்கு அடுத்த ஆள் என்றே நினைத்திருந்தார்.

அந்தக் குசினியில்தான் சீசர் ரிட்ஸ் என்ற பெயரை முதலில் கேட்டேன். பாரிசிலும் இலண்டனிலும் மட்ரிட்டிலும் அவருடைய பெயரில் அரண்மனை போன்ற ஹோட்டல்கள் நிற்கின்றன. ஆங்கிலத்தில் ஆடம்பரத்தைக் குறிக்க அவருடைய பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. அந்த மனிதர் நாங்கள் நின்ற இடத்திலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளியிருந்த சிற்றூர்க்காரர் என்று முதிய வெயிற்றர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு விடுமுறை நாளில் சிவப்பு மலை ரயில் ஏறி நீடர்வால்டில் இறங்கினேன். வெயில் பட்டுக் கறுத்த மரவீடுகள், ஒரு வெள்ளைத் தேவாலயம், சரிவில் புல்வெளி. அவ்வளவுதான் ஊர்.

அங்கே 1850 பெப்ரவரி 23 ஆம் திகதி ஒரு விவசாயக் குடும்பத்தின் 13 ஆவது பிள்ளையாகப் பிறந்தார் ரிட்ஸ். அன்றைய சுவிற்சர்லாந்து இன்றைய சுவிஸ் அல்ல. நிலம் போதாமல், பிழைக்க வழியில்லாமல் வாலிஸ் மக்கள் ஆர்ஜென்ரீனா வரை கப்பலேறிய காலம் அது. 13 பிள்ளைகளுக்கு மலைச்சரிவு நிலத்தைப் பிரித்தால் ஒருவனுக்கு எவ்வளவு வரும்? ரிட்ஸின் பெற்றோர் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 15 வயதளவில் பிரிக் நகரத்து ஹோட்டல் ஒன்றில் வைன் பரிமாறும் வேலைக்குப் பழகுநராகச் சேர்த்துவிட்டார்கள். கொஞ்சக் காலத்தில் முதலாளி அவரை வெளியே அனுப்பினார். இந்தத் தொழிலுக்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது இவனிடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

1867 இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. ஆட்கள் தேவைப்பட்ட அந்த நகரத்துக்கு ரிட்ஸும் போனார். சப்பாத்துத் துடைத்தார், பெட்டி தூக்கினார், மேசை துடைத்தார். சில இடங்களில் அவரை நிறுத்தினார்கள், சில இடங்களில் அவரே நின்றுகொண்டார். ஆனால் படிப்படியாக மேலே ஏறினார். கடைசியில் வுவாசின் என்ற பெயர்பெற்ற உணவகத்தில் உதவி வெயிற்றரானார். இறைச்சியை விருந்தினர் முன் வெட்டுவது எப்படி, எந்த உணவுக்கு எந்த வைன், யார் எந்த மேசையை விரும்புவார் என்பதையெல்லாம் அங்கே கண்ணால் பார்த்துப் படித்தார்.

அப்போது போர் வந்தது. 1870 செப்டெம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிசைச் சுற்றி வளைத்தன. நான்கு மாதத்துக்கு மேல் முற்றுகை. குதிரை, பூனை, எலி எல்லாம் சந்தைக்கு வந்தன. மிருகக்காட்சிச் சாலையின் யானைகள்கூடக் கொல்லப்பட்டு இறைச்சியாயின. முற்றுகையின் 99 ஆம் நாளான நத்தார் தினத்தில் வுவாசின் உணவகம் யானை இறைச்சிச் சாறும் பொரித்த ஒட்டகமும் கங்காருக் கறியும் பரிமாறியது. காசிருந்தவர்கள் அதை உண்டார்கள். மற்றவர்கள் குளிரில் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முற்றுகைக்குள்ளும் பசி எல்லோருக்கும் ஒரேயளவாக வருவதில்லை.

போர் ஓய்ந்த பின் அவருடைய ஏற்றம் வேகமானது. 1873 இல் வியன்னா கண்காட்சி, அதன்பின் குளிர்காலத்தில் தெற்கு பிரான்சின் கடற்கரை, கோடையில் சுவிஸ் மலைகள் என்று பருவத்தோடு இடம் மாறினார். சுற்றுலாத் தொழிலாளியின் வாழ்க்கை அன்றும் இப்படித்தான். விருந்தினர் போகும் இடத்துக்கு வேலையும் போகும், வேலையின் பின்னால் ஆளும் போக வேண்டும்.

1874 இல் ரிகி மலை உச்சி ஹோட்டலில் நடந்த ஒன்றை இத்தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். கடுங்குளிர் நாளொன்றில் சூடாக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. 40 அமெரிக்கர்கள் மதிய உணவுக்கு மலையேறி வந்துகொண்டிருந்தார்கள். ரிட்ஸ் பெரிய மண்டபத்தை விட்டுவிட்டு, சிவப்புத் திரை போட்ட சிறிய அறைக்கு மேசையை மாற்றினார். பூச்செடி வைக்கும் செப்புப் பாத்திரங்களில் எரிசாராயம் ஊற்றித் தீ மூட்டினார். செங்கற்களை அடுப்பில் சூடாக்கி, கம்பளித் துணியில் சுற்றி, ஒவ்வொருவர் காலடியிலும் வைக்கச் செய்தார். முதலில் கொதிக்கும் சூப், கடைசியில் தீச்சுவாலையோடு வரும் இனிப்பு அப்பம். குளிரைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. அந்தப் பகுதியில் செய்தி பரவியது. 27, 28 வயதில் லூசேர்ன் நகரின் நஷனல் ஹோட்டலுக்கு முகாமையாளரானார். திறமை இல்லை என்று அனுப்பப்பட்டவர்தான்.

1884 இல் ஒகுஸ்ட் எஸ்கொஃபியே என்ற சமையற்கலைஞர் அவரோடு சேர்ந்தார். இவரும் போரைக் கண்டவர். 1870 இல் படைக்குச் சமைத்து, போர்க் கைதியாகவும் இருந்தவர். படையணி போலவே குசினியைப் பிரித்து, சூப்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பொரியலுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தார். உலகெங்கும் பெரிய குசினிகள் இன்றும் அந்த ஒழுங்கில்தான் இயங்குகின்றன. அதன் அடிமட்டத்தில்தான் சட்டி பானைகளோடு நான் நின்றேன்.

இலண்டனில் 1889 இல் திறந்த சவோய் ஹோட்டலை நடத்த இருவரும் அழைக்கப்பட்டார்கள். சீமாட்டிகளும் பொது இடத்தில் இரவு உணவு உண்பது வழக்கமானதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கதை முழுவதும் வெளிச்சம் அல்ல. 1898 மார்ச்சில் சவோய் இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது. காணாமற்போன மதுபானக் கணக்கும் பொருள் வழங்குவோரிடம் பெற்ற தரகுப் பணமும் குற்றச்சாட்டில் இருந்தன. 1900 இல் அவர்கள் கையொப்பமிட்ட ஒப்புதல்கள் பல பத்தாண்டுகள் வெளியில் தெரியாமல் இருந்தன. பெரிய மனிதர்களின் கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது.

அதே 1898 இல், ஜூன் முதலாம் திகதி, பாரிசின் வான்டோம் சதுக்கத்தில் அவருடைய பெயரிலேயே ஹோட்டல் திறந்தது. காசநோய்க்கு அஞ்சிய காலம் அது. தூசி சேரும் சுவர்க் கடதாசிக்குப் பதிலாகக் கழுவக்கூடிய வர்ணம், கனத்த திரைகளுக்குப் பதிலாகத் துவைக்கக்கூடிய மெல்லிய துணி, அறையோடு சேர்ந்த குளியலறை, மின்விளக்கு என்று யோசித்துச் செய்தார். விளக்கு வெளிச்சம் பெண்களின் முகத்துக்கு அழகாக விழ வேண்டும் என்று, மனைவி மாரியை மணிக்கணக்கில் இருக்கவைத்து விளக்குமறைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். அறையைச் சுத்தம் செய்தவருக்குத்தான் தூசி எங்கே தங்கும் என்று தெரியும்.

இவ்வளவு உயர்ந்தும் ஒன்று அவரை விடவில்லை. தன்னுடைய கைகளும் பாதங்களும் விவசாயியினுடையவை போலப் பெரியவை என்று வெட்கப்பட்டார். கையை மறைப்பார். பாதம் சிறிதாகத் தெரிய அரை அளவு குறைந்த சப்பாத்துப் போட்டு வலியோடு நடப்பார். இதை வாசித்த அன்று அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

1902 ஜூன் 26 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழா நடக்க இருந்தது. இலண்டன் கார்ள்ரன் ஹோட்டலில் விருந்துக்காக ரிட்ஸ் இரவு பகலாக உழைத்தார். இரண்டு நாளுக்கு முன், மன்னருக்கு அவசர சத்திரசிகிச்சை, விழா ஒத்திவைப்பு என்ற செய்தி வந்தது. விருந்தினருக்கு அமைதியாக அறிவித்துவிட்டுச் சரிந்து விழுந்தார். அப்போது வயது 52. அதன்பின் மனம் முழுதாகத் தேறவேயில்லை. இலண்டனில் ரிட்ஸ் ஹோட்டல் 1906 இல் திறந்தபோதும் அவர் பழைய மனிதராக இல்லை. கடைசி ஆண்டுகள் சுவிஸ் மருத்துவ நிலையங்களில் கழிந்தன. 1918 ஒக்டோபரில், முதல் உலகப் போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது இறந்தார். 40 வருடம் மற்றவர்களுக்கு ஓய்வு கொடுத்தவர் தனக்கு ஓய்வு எடுக்கவில்லை.

பெருந்தொற்றுக்கு முன் உலகில் 10 வேலைகளில் ஒன்று பயணத்தையும் சுற்றுலாவையும் சார்ந்தது என்று அத்துறையின் உலகப் பேரவை கணித்தது. அது எவ்வளவு மெல்லிய கயிறு என்பதும் எங்களுக்குத் தெரியும். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கும் நோய்த்தொற்றுக்கும் பிறகு, 2020 இல் வந்தவர்கள் 5 இலட்சம் மட்டுமே. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வெயிற்றர்களும் அறை துப்புரவு செய்தவர்களும்தான்.

இத்தனையும் யோசித்துவிட்டு, மறுவாரம் அக்காவை அழைத்தேன். பெடியனைப் போகவிடு என்றேன். கடல் யாருடையது என்ற அவளுடைய கேள்விக்கு ஹோட்டல் வேலை பதில் அல்ல. அந்தக் கேள்வியை அவள் விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் கையில் தொழில் உள்ள பிள்ளை அதை எங்கும் கொண்டுபோவான்.

பிறகு மருமகனிடம் பேசினேன். நியமனக் கடிதத்தை வாங்கி வாசி. சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேள். சேவைக் கட்டணத்தில் உன் பங்கு எவ்வளவு என்று முதல் மாதமே தெரிந்துகொள். சிங்களமும் ஆங்கிலமும் படி. ஒரே வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் அடுத்த படி எது என்று பார். நித்திரையை விற்காதே. இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் சுவிசில் முதலில் என்ன வேலை செய்தேன் என்பதையும் சொன்னேன். 30 வருடத்துக்கு மேல் மறைத்ததைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த ரிட்ஸ் என்ற ஆள் கடைசியில் ஊருக்குத் திரும்பினாரா என்று மட்டும் கேட்டாள்.

திரும்பினார், அவருடைய கல்லறை நீடர்வால்டில்தான் இருக்கிறது என்றேன்.