மொண்டிசோரி அம்மையார்

கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் பாலர் பள்ளிக்கு மக்கள் வழங்கும் சொல் மொண்டிசோரி. பிள்ளையை மொண்டிசோரியில் விட்டிருக்கிறோம் என்பர். அஃது ஓர் அம்மையாரின் பெயரென அறிந்தோர் சிலரே.

மரியா மொண்டிசோரி 1870-இல் இத்தாலியிற் பிறந்தவர். 1896-இல் உரோமாபுரியிலே மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-இல் அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வீடு திறந்தார்.

அவர் வகுத்த முறையில் என்னைப் பெரிதுங் கவர்ந்தது ஒன்றுண்டு. வகுப்பறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவன் அடுக்கும் கட்டைகளை மற்றொருவன் விரும்பினால், அவன் முடித்து மீள வைக்குமளவும் காத்திருத்தல் வேண்டும். பொறுமையைப் பொருளே கற்பித்துவிடுகிறது. ஆசிரியைக்கு அதட்டும் வேலை குறைவு. எம் பகுதிப் பள்ளிகள் சிலவற்றிலோ, சண்டை வாராதிருக்கவென ஆளுக்கொரு பொம்மை வாங்கி நிரப்புகின்றனர்.

மௌன ஆட்டம் இன்னும் நயமானது. ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தையை ஏந்திவந்து, இதுபோல் அசையாதிருக்க உங்களால் இயலுமா என வினவினாராம். குழந்தைகள் மூச்சடக்கி அமர்ந்தனர். பின்னாளில் அடுத்த அறையிலிருந்து மெல்லப் பெயர் சொல்லி அழைக்க, ஒருவர் பின் ஒருவராய் ஓசைபடாது எழுந்து செல்வது வழக்கமாயிற்று. ஒருவர் அசைந்தால் அனைவர் ஆட்டமுங் கெடும்.

அம்மையார் குழந்தையின் முயற்சியைத் தொழில் என்றே மதித்தார். கற்பனை விளையாட்டுக்கு அத்துணை மதிப்பளித்திலர். இதில் யான் அவரோடு உடன்படேன். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் சிற்றிலுக்கென ஒரு பருவமே வகுத்தனர். மணல்வீட்டைச் சிதைக்கவேண்டா எனச் சிறுமியர் இரந்து நிற்கும் அவ்விடத்தில், பிறர் ஆக்கியதை அழியாமை என்னும் பாடம் இல்லையா?

உலகக் குழந்தைகளுக்கு உழைத்த இவர், 1898-இல் மணமின்றிப் பெற்ற மகன் மாரியோவை, அக்கால வழக்குக்கு அஞ்சிப் பிறர் வளர்க்க விட்டவர். பல்லாண்டு கழிந்து மகன் தாயிடம் சேர்ந்தபோதும், ஊரார்முன் உறவினர் என்றே அறியப்பட்டார். 1939-இல் இருவரும் சென்னை அடையாறு வந்து ஆசிரியப் பயிற்சி தொடங்கினர். மறுவருடம் இத்தாலி போரிற் புகவே, பிரித்தானிய அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளுக்கு அரசப் பிரதிநிதி அவரை விடுவித்தார்; அச்செய்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டதாம்.

1944-இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். 1952-இல் ஒல்லாந்தின் கடலோரச் சிற்றூரொன்றிலே மறைந்தார். மாரியோ அப்பணியை மேற்கொண்டு நடத்தினார்.